கொம்பன் தெரண்டியும் பப்பாளித் தோலும்

போன ஞாயிற்றுக்கிழமை, பேத்தியை ஏழாம் மாசத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வந்த விருந்தில், பாதிச் சோற்றில் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனேன். கூட்டாளிகளே, உங்களில் நாலைந்து பேர் அதே பந்தியில் இருந்தீர்கள். "கிழவனுக்குத் தல கலங்கியாச்சு" என்று ஒருத்தர் சொன்னது கை கழுவுகிற இடம் வரைக்கும் கேட்டது. சொன்னது யார் என்பதும் தெரியும். இருக்கட்டும்.

தலை கலங்கவில்லை. கோபம். நம் வயசுக்காரர்களில் ஒருத்தருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒருத்தருக்கு முட்டு வலி இருக்கிறது. எனக்கு இது இருக்கிறது. ஒன்பது வயசில் பிடித்தது.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள், வயிற்றின் மேல் நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு. நம்முடைய பேச்சை அவள் படித்தவர்கள் எழுதுகிற மாதிரி நேராக்கிப் போடுவாள். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடு, ஏசின இடத்தை மழுப்பாதே என்று சொல்லியிருக்கிறேன்.

பந்தியில் நடந்தது என்னவென்றால், இலை இலையாக மீன் விளம்பிக்கொண்டு வந்தபோது பேத்தியின் மாமியார் ஒரு கதை சொன்னாள்.

"எங்கம்மை சொல்லுவா. இந்தக் குன்னத்துகால் பக்கத்துல ஒரு வீட்டுல, மலையோரத்துல இருந்து ஒரு பெண்ணு கெட்டி வந்தாளாம். வயித்துப் பிள்ளக்காரிக்கு மீனுல பப்பாளிக்கா அரச்சுப் போட்டுக் குடுத்து அஞ்சு மாசப் பிள்ளையக் கலைச்சாளாம். அதனால பிள்ளே, கண்டவங்க வச்ச கறி ஒண்ணும் வாயில வைக்காத."

என் மகள் அதற்கு, "ஆமா, நானும் கேட்டதுண்டு" என்றாள்.

அந்த மாமியார் நல்ல பெண்பிள்ளை. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த வீடு எந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. அவள் இலை போட்டு உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் பின்னால்தான் எங்கள் பழைய அடுக்களை இருந்தது. அந்த மீன் வெந்தது அங்கேதான். பக்கத்தில் இருந்து தீ ஊதினவன் நான். என் மகளுக்கும் தெரியாது. அவளுக்குக் கதை சொன்னது என் அம்மா. அம்மா சாகிற வரைக்கும் அந்தக் கதையை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் கேட்டுக்கொண்டு பீடி வலித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றும் சொல்லவில்லை. இலையைத்தான் மடக்கினேன். அதுதான் எனக்கு என்மேலேயே ஆகாமல் போய்விட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தை விட்டாகிவிட்டது, அல்லது பள்ளிக்கூடம் என்னை விட்டாகிவிட்டது. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, பிறகு அத்தை. அத்தை அப்பாவின் தங்கச்சி. முதல் பிள்ளை, அஞ்சு மாசம். வாந்தி நிற்கவில்லை என்று காலத்துக்கு முன்னாலேயே கூட்டி வந்திருந்தார்கள். சித்தப்பாவுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. சித்தி ஒற்றசேகரமங்கலத்துக்காரி.

இப்போது பஸ் பிடித்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் போய்விடலாம். அன்றைக்கு அது வேறு தேசம். மலையோரத்துக்காரர்களுக்குக் கடல்மீன் என்றால் கருவாடு. வந்த புதிதில் சித்தி சாளை மீனைச் செதிள் எடுக்காமல் கழுவி வைத்துவிட்டாள். அதைச் சொல்லி அம்மா ஒரு வாரம் சிரித்தாள். சித்தியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு முன்பல் இரண்டும் கொஞ்சம் விலகியிருக்கும். சிரித்தால் எட்டு வயசுப் பிள்ளை மாதிரி இருக்கும்.

சித்தி ஒரு தப்புச் செய்தாள். ஒரே ஒரு தப்பு. ஒரு நாள் அம்மிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அம்மாவிடம் சொன்னாள்:

"எங்க வீட்டுல கிழட்டு மாட்டெறச்சி கிட்டினா ஒரு துண்டு பச்சப் பப்பாளிக்கா போடுவோம் அக்கா. வெண்ண மாதிரி ஆயிரும்."

அம்மா அதற்கு "அப்பிடியா" என்று மட்டும் சொன்னாள். அம்மா எதையும் மறக்கிற ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் பொழியூர்க்காரி மீன் கொண்டு வந்தாள். தலையில் கூடை, முழங்கால் வரைக்கும் ஈரம். எப்போதும் எங்கள் நடைக்கு வருவதற்குள் கூடை பாதி காலியாகியிருக்கும். அன்றைக்கு அடியில் ஒரு துண்டு மடங்கிக் கிடந்தது, யாரும் வாங்காமல். கொம்பன் தெரண்டி. கிழக்கே திருக்கை என்று சொல்கிறார்களே, அதில் தலைக்கு முன்னால் இரண்டு கொம்பு மாதிரி நீண்டு இருக்கிற பெரிய ஜாதி. மற்றத் தெரண்டி மாதிரி வெள்ளைச் சதை இல்லை இதற்கு. வெட்டினால் மாட்டிறைச்சி மாதிரிச் சிவந்து, நூல் நூலாக, கயிறு முறுக்கினது போல் இருக்கும்.

"இது என்னத்துக்கு ஆகும்?" என்றாள் அம்மா.

"எனக்க வீட்டு நாயி நக்கிப் பாத்துட்டுப் போச்சு பிள்ளே. கடிக்கல்ல" என்றாள் பொழியூர்க்காரி. "இத மெல்லணும்னா அடுத்த வீட்டுப் பல்லையும் கடம் வாங்கணும்."

அம்மா சிரித்தாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"அத இஞ்ச வையி. இண்ணைக்கு மலைக்காரி கறி வைக்கட்டு. அவ சாமர்த்தியத்தையும் பாப்போமே."

வாங்கினது அம்மா. வைக்கச் சொன்னது அம்மா. இதைத் தடிமனான எழுத்தில் போடு என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் கேட்க மாட்டாள்.

சித்தி அந்த மீனை ரொம்ப நேரம் விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோலை உரித்து, சதையின் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்காக, சின்னச் சின்னதாக நறுக்கினாள். அம்மா எப்போதும் நீளவாக்கில் வெட்டுவாள். அரிசி கழுவின தண்ணீரில் மூன்று தரம் அலசினாள். மண்சட்டியில் போட்டு மஞ்சள், நசுக்கின சின்ன உள்ளி, நல்லமிளகு, ஒரு பிடி கறிவேப்பிலை. அவ்வளவுதான். உப்பு இல்லை, புளி இல்லை.

"சித்தி, உப்பு மறந்துட்டீங்க" என்றேன்.

"மறக்கல்ல மக்கா. ஆதியே உப்பும் புளியும் போட்டா இது கோவிச்சுக்கிடும். பின்னே எத்தற தீ எரிச்சாலும் இணங்காது."

சட்டி வாயில் வாழையிலையை வாட்டிக் கட்டி, அதன்மேல் குழிந்த ஓட்டு மூடியை வைத்து, மூடிக்குள் தண்ணீர் ஊற்றி வைத்தாள். விறகை இழுத்துப் போட்டுவிட்டுத் தேங்காய் உரித்த மட்டையை, கதம்பலை, திணித்தாள். கதம்பல் எரியாது, கனன்றுகொண்டே இருக்கும். உள்ளே தண்ணீர் வற்றுகிற சத்தம் கேட்டதும் மூடியில் காய்ந்திருந்த வெந்நீரையே எடுத்து ஊற்றினாள். பச்சைத் தண்ணீர் பட்டால் சதை விறைத்துவிடுமாம். இப்படியே காலை முழுக்க. அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்து, "மீனா காய்ச்சுத, கஷாயமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தீ பார்க்கிற வேலை எனக்கு. கதம்பல் அணைகிற மாதிரி இருந்தால் ஊத வேண்டும். வீட்டு ஊதுகுழல் இரும்பு. சூடு பிடித்து உதட்டைச் சுடும். அதனால் ஒரு யோசனை தோன்றியது. பப்பாளி இலையின் தண்டு உள்ளே பொள்ளல். நுனியைக் கிள்ளிவிட்டால் நல்ல குழல். நாமெல்லாம் செய்திருக்கிறோம்.

பப்பாளி மரம் அடுக்களைக்குப் பின்னால் நின்றது. அந்த வருசம்தான் முதலாகக் காய்த்திருந்தது. அதை யாரும் தொடக்கூடாது. எங்கள் சபையில் பழைய ஆட்களுக்குத் தெரியும், எந்த மரமானாலும் முதல் காய் கர்த்தருக்கு. ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கோயிலில் கொண்டு வைத்த பிறகுதான் வீட்டுக்காரன் வாயில் வைக்கலாம். அப்பா மரத்தில் தென்னோலை கட்டி அடையாளம் வைத்திருந்தார்.

அடையாளத்தைவிடப் பெரிய காவல் ஒன்று வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கியது. தெரண்டி வால். காய்ந்து கறுத்து, என் கையைவிட நீளம், மேலெல்லாம் அரம் மாதிரிச் சுணை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்படும்போது அப்பா தலைக்கு எண்ணெய் வைப்பார். உள்ளங்கையில் மிச்சமிருக்கிற எண்ணெயை அந்த வாலில் தடவுவார். வால் காய்ந்து ஒடிந்துவிடக் கூடாது இல்லையா. என் முதுகில் அது இரண்டு தரம் விழுந்திருக்கிறது. மூன்றாவது தரம் என்பதை நினைத்தாலே எனக்கு மூத்திரம் முட்டும்.

நான் கொக்கி கட்டின தோட்டிக் கம்பால் இலையைத்தான் இழுத்தேன். இலையோடு ஒரு காய் வந்து காலடியில் விழுந்தது. காம்பில் பால் சொட்டியது. ஓலை கட்டின மரத்தின் முதல் காய்.

திரும்ப ஒட்ட வைக்க முடியாது. ஒளிக்கவும் இடமில்லை. ஒன்பது வயசுப் புத்தி, தின்றுவிட்டால் காணாமல் போய்விடும் என்று சொன்னது. அடுக்களையில் போய் ஒரு கை உப்பும் வற்றல் மிளகாயும் அரிவாளும் எடுத்துக்கொண்டு சாம்பல் குழிக்குப் பின்னால் இருந்து பாதியைத் தின்றேன். மிச்சத்தைக் குழியில் போட்டுச் சாம்பலைத் தள்ளினேன். பிறகு குழலைத் துடைத்துக்கொண்டு வந்து தீ ஊதினேன். நன்றாக ஊதியது. சித்தி குழலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தேங்காய் வறுக்கத் திரும்பினாள்.

சதை விரலுக்கு இணங்கின பிறகுதான் உப்புப் போட்டாள். கொடம்புளி இரண்டு சுளை. தேங்காயும் மல்லியும் மிளகாயும் கறுக்க வறுத்து, எண்ணெய் கக்குகிற வரைக்கும் அம்மியில் அரைத்து, தீயலாக இறக்கினாள். இறக்கின பிறகும் மூடியைத் திறக்க விடவில்லை. சட்டி தானாக அடங்க வேண்டும் என்றாள்.

அப்பாவும் சித்தப்பாவும் அத்தையும் உட்கார்ந்தார்கள். அந்த மீன் வாயில் வைத்தால் எங்கே போனதென்று தெரியாது. நூல் நூலாக இருந்ததெல்லாம் பஞ்சாகி, ஒவ்வொரு நூலிலும் தீயல் ஏறி நின்றது. மிளகு கடைசியில்தான் தொண்டையில் பிடித்தது. ஒரு மாசமாகக் கஞ்சித் தண்ணீர் தவிர ஒன்றும் தங்காத அத்தை இரண்டாந்தரம் சோறு கேட்டாள்.

அப்பா இலையை வழித்துவிட்டு, விளம்பிக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"பத்து வருசமா நான் இந்த வீட்டுல தின்னுட்டு வந்தது மீனாட்டீ?"

சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா கையில் அகப்பை இருந்தது. அதிலிருந்து தீயல் சொட்டிச் சொட்டித் தரையில் விழுந்தது. அவள் பார்க்கவில்லை.

பத்து வருசம் அந்த அடுக்களைப் புகையில் கிடந்தவளிடம் சொல்கிற பேச்சா அது? இதை நான் அப்பா இருக்கும்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அத்தைக்கு வலி எடுத்தது. வாடகைக் காரில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கஞ்சித் தூக்கைப் பிடித்துக்கொண்டு நானும் அப்பாகூடப் போனேன். வராந்தாவில் நின்றோம். ஒரு நர்சு வெளியே வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். பிள்ளை போய்விட்டது. அப்பா கேட்டார், சனியாழ்ச்ச ஒரு மீனு தின்னா, அதனாலயா இருக்குமோ?

"மீனின்றெ குற்றமொந்நும் அல்ல. இது ஒராழ்ச்ச முன்பே தீர்ந்நதாணு. அகத்துக் கிடக்குகயாயிருந்நு" என்றாள் அவள்.

மீன்மேல் குற்றமில்லை, ஒரு வாரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, உள்ளேயே கிடந்திருக்கிறது. அப்பாவுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். திரும்பி வரும்போது ஒரு கடையில் எனக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். அவர் எனக்கு ஒன்றும் வாங்கித் தருகிற ஆள் இல்லை.

"எலே, நர்சு ஒண்ணும் பறயல்ல, கேட்டியா."

நான் பழம்பொரியைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்று புரியவில்லை. எனக்கும் பெண்பிள்ளை பிறந்து கட்டிக் கொடுத்த பிறகுதான் புரிந்தது. பிள்ளை தானாகவே வயிற்றில் செத்தது என்றால் அத்தையின் மாமியார் வீட்டுக்காரர்கள் என்ன சொல்லுவார்கள்? குறை பெண்ணுக்கு என்று சொல்லுவார்கள். வேறொருத்தி வைத்த கறியால் போனது என்றால் அத்தைக்குக் குறையில்லை. தங்கச்சியைக் காப்பாற்றினார். காப்பாற்றினதற்கு விலையாக எடுத்துக் கொடுத்தது ஒற்றசேகரமங்கலத்துக்காரர்களின் பிள்ளையை. அவர் சபையில் காணிக்கைப் பை பிடிக்கிற ஆள். சவத்து மனுசன்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளே. எனக்க அப்பன், நான் ஏசுவேன்.

புதன்கிழமை காலையில் அம்மா சாம்பல் வாரப் போனவள் பப்பாளித் தோலோடு வந்தாள். தோல், வெள்ளை விதை, பாதிக் காய், எல்லாம் சாம்பலில் புரண்டு இருந்தது. முற்றத்தில் கொண்டு வந்து போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு தலை முளைத்துவிட்டது.

"மாட்டெறச்சிக்குப் போடுவோம்னு எனக்கிட்ட நீதானே சொன்ன?"

"சொன்னேன் அக்கா. இதுல நான் போடல்ல."

"அப்போ இது நடந்து வந்து சாம்பக்குழியில கெடந்ததாக்கும்?"

"நான் போடல்ல அக்கா. மீனு நல்லா வெந்தது, அவ்வளவுதான்."

"கொம்பன் தெரண்டி சும்மா வேவுமா? பொழியூர்க்காரியிட்ட கேளு, வேவுமான்னு."

பாருங்கள், நன்றாக வெந்ததுதான் குற்றம். கல் மாதிரி வைத்திருந்தால் அவளுக்கு ஒன்றும் வந்திருக்காது.

அப்போது சித்தி என் பக்கம் திரும்பினாள். அந்தப் பப்பாளிக் குழல் என் நிக்கர் வாரில் செருகியிருந்தது. வாடிப் போயிருந்தது. நான் அதன்மேல் கையை வைத்து மறைத்தேன். கதவுக்குப் பின்னால் வால் தொங்குகிறது. அவள் கதவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அம்மா கேட்ட எதற்கும் சித்தி பதில் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, "மிண்டாம நிக்குதத பாரு, செய்தவளுக்க மொகம்" என்றாள்.

அம்மா அந்த மண்சட்டியை எடுத்து வந்து எல்லோரும் பார்க்க முற்றத்துக் கல்லில் அடித்து உடைத்தாள்.

அப்பா, "கொஞ்ச நாளு அவ வீட்டுல நிக்கட்டு" என்றார். சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஆறடி உயரம்.

மறுநாள் காலையில் சித்தி தகரப் பெட்டியில் துணியை மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. தொழுத்தில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"அம்மா, பப்பாளிக்கா பறிச்சது நான். நான்தான் தின்னேன். சித்தி ஒண்ணும் போடல்ல. நான் தீப் பக்கத்துலயே இருந்தேன்."

அம்மா முதலில் சுற்றிப் பார்த்தாள். பிறகு வாளியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. கையை உயர்த்தி, மேலே தொங்கின உறியிலிருந்து ஒரு மூடின கிண்ணத்தை எடுத்தாள். உள்ளே தெரண்டித் தீயல். சட்டியை உடைக்கும்முன் கறியை இதில் மாற்றியிருக்கிறாள். மேலே எண்ணெய் தெளிந்து, கறுத்து, வாசனை மூக்கில் ஏறியது.

"தின்னு."

ஒரு துண்டை எடுத்து என் வாயில் திணித்தாள். நான் விழுங்கும்முன் இன்னொன்று.

"நீ ஒண்ணும் பறிக்கல்ல. நீ ஒண்ணும் காணல்ல. மிண்டாம தின்னு."

கண்ணில் தண்ணீரோடு தின்றேன். உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமையைவிட அன்றைக்கு ருசி கூடுதல். தீயல் அப்படித்தான், இருக்க இருக்க ஏறும். ஆனால் அந்தக் காலத்தில் ஐந்து நாள் ஒரு மீன்கறி கெடாமல் இருக்க வேண்டுமென்றால் தினம் இரண்டு நேரம் சூடாக்க வேண்டும். அத்தை வலியில் துடித்த செவ்வாய்க்கிழமையும் யாரோ சூடாக்கியிருக்கிறார்கள். முற்றத்தில் சட்டி உடைந்த புதன்கிழமையும் யாரோ சூடாக்கியிருக்கிறார்கள். அவளும் தின்றிருப்பாள். அதில் விஷம் இருக்கிறது என்று ஒரு நிமிசமாவது நம்பினவள் பெற்ற பிள்ளையின் வாயில் அதைத் திணிப்பாளா?

வாய் நிறைய மீனோடு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சித்தப்பா தலையில் பெட்டி, கையில் குடை. பின்னால் சித்தி, செருப்பில்லாமல். சாயங்காலம் சித்தப்பா குடையை மட்டும் கொண்டு வந்தார். பிறகு அவர் அவளைக் கூட்டி வரவே இல்லை. ஒரு வருசம் கழித்து எஸ்டேட் வேலைக்குப் போனார், அங்கேயே குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்தார். அத்தை பிறகு மூன்று பெற்றாள். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அந்த மரத்தின் இரண்டாவது காய் போனது, முதல் காய் என்று சொல்லி.

நான் கொத்தனாரானேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு, ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் வேலைக்கு ஒற்றசேகரமங்கலம் பக்கம் போனேன். அங்கே பிள்ளைகளுக்கு மதியக் கஞ்சி காய்ச்சுகிற அம்மாள் எங்களுக்கும் ஊற்றினாள். நரைத்திருந்தாள். என் தட்டில் ஊற்ற வந்தவள் நின்றாள்.

"ஊதுகொழலு இப்பமும் வச்சிருக்கியா மக்கா?"

முன்பல் இரண்டும் விலகியிருந்தது.

"சித்தி, உங்களுக்குத் தெரியுமா?"

"பின்னே? கொழலுல பாலு வடிஞ்சுகிட்டு இருந்தது. உப்பும் மொளகாயும் எடுத்துட்டு ஓடினதையும் கண்டேன்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா அந்த வாலு உனக்க முதுகுலல்லா கெடக்கும். பச்சப் பிள்ள, ரெண்டு நாளு போனா தானா சொல்லிரும்னு நினச்சேன். சொன்னா கூட்ட வருவாங்கன்னு, பெட்டியப் பிரிக்காமலே ஒரு வருசம் வச்சிருந்தேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நீ சொல்லல்ல. சாரமில்ல, போகட்டு, குஞ்சுப் பிள்ளதானே."

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மூடினவன் அந்த ஒரு தரம் திறந்தேன்.

"நான் சொன்னேன் சித்தி. நீங்க போன அண்ணைக்குக் காலம்பறயே சொன்னேன். அம்மாட்ட."

அகப்பை கஞ்சிக்குள் நின்றது. அவள் என் தட்டைப் பார்த்தாள்.

"அப்போ அவ அறிஞ்சாக்கும் செய்தா" என்றாள். "நான் இத்தற வருசமும் ஜெபத்துல, அறியாம செய்துட்டா ஆண்டவரேன்னுதான் சொல்லிட்டு இருந்தேன்."

பிறகு, "கஞ்சி ஆறுது, குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் எங்களுக்குக் கஞ்சி ஊற்ற வேறொருத்தி வந்தாள். சுவர் முடிகிற வரைக்கும் சித்தி என் கண்ணில் படவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது அந்த மன்னிப்பு ஒன்றுதான். அதையும் நான் போய்ப் பறித்துவிட்டேன். நர்சு சொன்னதை அவளிடம் சொல்லவே இல்லை. இப்போது அவள் இல்லை.

இதுதான் நீங்கள் பந்தியில் கேட்ட கதை. பப்பாளி பறித்தவன் நான். மறைத்தவள் என் அம்மா. மீன்மேல் குற்றமில்லை என்று தெரிந்தவர் என் அப்பா. ஒன்றும் செய்யாதவள் பெயர் மட்டும் ஊரில் நிற்கிறது, அந்தப் பெயரும் இல்லை, மலைக்காரி என்று.

இன்று சனிக்கிழமை. காலையில் பாறசாலைச் சந்தைக்குப் போனேன். கொம்பன் கிடைக்கவில்லை. மற்றத் தெரண்டியில் பெரிசாக, கிழடாகப் பார்த்து ஒன்று வாங்கி வந்தேன். மகள் மூக்கைப் பொத்தினாள். கேஸ் அடுப்பு வேண்டாம் என்று வெளியே மூன்று கல் கூட்டி, கதம்பல் திணித்து, சட்டியை ஏற்றியிருக்கிறேன். குறுக்கே நறுக்கினேன். உப்புப் போடவில்லை. மூடியில் தண்ணீர் நிற்கிறது. பேத்தி சட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு இருந்துதான் இதை எழுதுகிறாள்.

"தாத்தா, இத நான் தின்னலாமா?" என்று கேட்டாள்.

"சட்டியில என்னெல்லாம் போட்டேன்னு கண்டியா?"

"ஆதியிலேருந்து கண்டேன்."

"அப்போ எனக்கிட்ட ஏன் கேக்குத?"

நாளைக்கு ஆராதனை முடிந்து அவள் மாமியார் வருவாள். உங்களையும் வரச் சொல்லத்தான் இத்தனையும். அதே பந்தி, அதே இடம். மீனை வாயில் வைத்ததும் அந்த அம்மாள் நிச்சயம் கேட்பாள், இது எப்படி இப்படி வெந்தது, இதில் என்ன போட்டீர்கள் என்று. கேட்கட்டும். நான் இலைக்கு முன்னால் உட்காரமாட்டேன், நின்றுகொண்டிருப்பேன். இந்தத் தடவை என் வாயில் மீன் இருக்காது.